பினாங்குக் கடலோரம் கூடாரம் போடுமுன்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால், தோட்டத்து லயமானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும், பிள்ளைகள் வாயில் முதலில் வருகிற ஊர் பினாங்குதான். கடல், கொடிமலை, கப்பல், பசார் மாலாம், நாசி கண்டார் என்று அவர்களுடைய பட்டியல் நீளும். தகப்பனாரின் கணக்கோ வேறு. பத்து பிரிங்கியில் இரண்டு அறை எடுத்தால் எவ்வளவு வெள்ளி, சாப்பாட்டுக்கு எவ்வளவு, பாலம் கடக்க எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவார். அந்த அடுத்த வருஷம் பல வீடுகளில் வராமலே போய்விடுகிறது.

இப்போது அதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. கூடாரம் மலிவாகக் கிடைக்கிறது. அண்ணன் குடும்பமும் மச்சான் குடும்பமும் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால், அறை வாடகை இல்லாமலே இரண்டு இரவு கடலோரத்தில் தங்கி வரலாம் என்று பலரும் கிளம்புகிறார்கள். நல்லதுதான். வெளியூரில் வெறும் தரையில் படுத்து எழுவது நமக்குப் புதிதும் அல்ல. தைப்பூசத்துக்கு வந்த நம் தாத்தா பாட்டிமார் தண்ணீர்மலை அடிவாரத்தில் பாயை விரித்துப் படுத்தவர்கள்தாம். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிறவர்களும் அப்படித்தான் இரவைக் கழித்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கோயில் வாசலில் ஆயிரம் பேர் விழித்திருப்பார்கள், விளக்கு எரியும். காட்டோரத்திலும் கடலோரத்திலும் கூடாரத்துக்குள் உறங்குகிறவனுக்கு அந்தக் காவல் கிடையாது. ஆகவே அவன் படுக்கும் நிலத்தைப் பார்த்துப் பொறுக்கித்தான் படுக்க வேண்டும்.

இந்த மாதப் பகுதியில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த இடம் அழகானது என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். எந்த இடத்தில் பிள்ளைகளைப் படுக்க வைக்கலாம் என்பதே நம் கேள்வி.

பத்தாங் காலி சொல்லும் பாடம்

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணிகூட ஆகாத நேரம். சிலாங்கூர் மாநிலத்தில் பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்குப் போகும் சாலையோரம், ஒரு பண்ணையில் இருந்த முகாமில் தொண்ணூறு பேருக்கு மேல் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் பள்ளி விடுமுறைதான். மேலேயிருந்த சரிவு அப்படியே பெயர்ந்து அவர்கள் மீது விழுந்தது. 31 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள், பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து எல்லாரையும் மீட்டெடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

அன்று சூறாவளி இல்லை. நாள் கணக்கில் பெய்த மழையில் மண் ஊறிப் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தில் பண்ணை நடத்த அனுமதி இருந்ததாகவும், முகாம் நடத்த உரிமம் இல்லை என்றும் அரசாங்கம் பிறகு அறிவித்தது. அங்கே தங்கப் போன குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்குமா? காசு கட்டினோம், இடம் கொடுத்தார்கள் என்று நம்பியிருப்பார்கள். நீங்களும் நானும்கூட அப்படித்தான் நம்பியிருப்போம்.

ஆகையால் முதற்கேள்வி இதுதான்: இந்த நிலத்துக்கு யார் பொறுப்பு? தனியார் முகாமாக இருந்தால், முகாம் நடத்த ஊராட்சி மன்றத்தின் உரிமம் இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தீவில் என்றால் பினாங்கு தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். உரிமம் உள்ளவர் மகிழ்ச்சியோடு சொல்வார். மழுப்புகிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். அரசாங்க நிலமானால் அந்த இலாகாவின் அலுவலகத்தில் பெயர் பதியுங்கள். பெயர் பதிவது காசு பிடுங்குவதற்காக என்று சிலர் நினைக்கிறார்கள். ஆபத்து என்று வந்தால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதைச் சொல்லப் போவது அந்தப் பதிவேடு ஒன்றுதான்.

இரவில் தண்ணீர் எங்கிருந்து வரும்?

இரண்டாவது கேள்வியை இறங்கிய இடத்தில் நின்று கேட்க வேண்டும். கூடாரத்தில் படுத்தவனுக்குப் பகையாவது பெரும்பாலும் தண்ணீர்தான். அது மூன்று வழியாக வரும்.

முதல் வழி, மேட்டிலிருந்து. கூடாரத்துக்குப் பின்னால் வெட்டிய மண்சரிவு இருக்கிறதா? மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றனவா? தரையில் வெடிப்போ, புதிதாக உதிர்ந்த மண்ணோ தெரிகிறதா? சரிவின் அடியில் கலங்கிய தண்ணீர் கசிகிறதா? ஒன்று இருந்தாலும் அங்கே படுக்காதீர்கள். இரண்டு மூன்று நாளாக மழை பெய்திருந்தால், அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் சரிவின் அடியில் படுக்காதீர்கள்.

இரண்டாவது வழி, ஓடை. மலாய்க்காரர்கள் "கெப்பாலா ஆயர்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையுச்சியில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் மரக்கட்டைகளையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு ஒரே வீச்சில் இறங்கும். 2021 ஆகஸ்டு 18-இல் கெடா மாநிலத்தின் குனோங் ஜெராய் மலையிலிருந்து இப்படி இறங்கிய வெள்ளத்தில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும், சட்டி பானையைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். கூடாரத்தை ஓடையின் மணல் திட்டில் போடவே கூடாது. அந்த மணலைக் கொண்டுவந்து கொட்டியதே வெள்ளந்தான்.

மூன்றாவது வழி, கடல். பினாங்குக் கடல் ஏறி இறங்கும் உயரம் பெரிய ஏற்ற நாட்களில் ஏறத்தாழ இரண்டு மீட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம். மாலையில் நாற்பது அடி தள்ளியிருந்த கடல் நள்ளிரவில் தலைமாட்டுக்கு வரும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கடற்கரையில் காய்ந்த பாசி, தேங்காய் மட்டை, குச்சி எல்லாம் ஒரு கோடு போல் ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது என்று அதற்குப் பொருள். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே தள்ளிக் கூடாரம் போடுங்கள்.

கடலைப் பற்றிப் பேசும்போது 2004 டிசம்பர் 26-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அது ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே காலையில் நில அதிர்வு. பிற்பகல் ஒரு மணியை ஒட்டி அலை பினாங்கு வந்து சேர்ந்தது. இடையில் நான்கு மணி நேரம் இருந்தும் கடற்கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல அப்போது ஆளில்லை. மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள். பாலிக் பூலாவ் பக்கம் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள் பலர் அதில் போனார்கள். பிறகு கடலோரங்களில் எச்சரிக்கைச் சங்குகள் வைக்கப்பட்டன. ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கி, மீன் துள்ளுகிற தரை தெரிந்தால், வேடிக்கை பார்க்கப் போகாமல் மேட்டைப் பார்த்து ஓட வேண்டும். கூடாரம் போட்டதும் அந்த மேட்டுக்குப் போகும் வழியைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

யாருக்கு எந்த இடம்?

இனி இடங்களைப் பார்ப்போம். பினாங்கில் எல்லாருக்கும் பொருந்தும் ஓர் இடம் என்று எதுவும் இல்லை. உங்கள் கூட்டத்தில் யார் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கால் பலமுள்ள இளைஞர்களுக்கு பினாங்கு தேசியப் பூங்கா. ஜார்ஜ்டவுனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் தெலுக் பாஹாங்கில் அதன் வாசல் இருக்கிறது. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலமும் கடலும் சேர்த்து 2,500 எக்டருக்குச் சற்று மேல். உலகத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. படகுத்துறையிலிருந்து 101-ஆம் எண் ரேப்பிட் பினாங்குப் பேருந்து தெலுக் பாஹாங் வரை வருகிறது. உள்ளே தெலுக் டூயோங் என்னும் குரங்குக் கடற்கரை, பந்தாய் கெராச்சுட், தெலுக் கம்பி என்று மணற்கரைகள் உண்டு. கெராச்சுட்டுக்குக் காட்டுப் பாதையில் ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். அங்கே ஓர் அதிசய ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் நிறையும்போது மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல் நீர் என்று இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். மேலே இருப்பதைவிட அடியில் இருப்பது வெதுவெதுப்பாக இருக்கும். மீன்வள இலாகாவின் ஆமைப் பாதுகாப்பு நிலையமும் அங்கேதான்.

ஆனால் கெராச்சுட்டில் கடல் இழுப்பு உண்டு. ஜெல்லி மீனும் உண்டு. அங்கே கடலில் குளிக்கக் கூடாது. கடையும் கிடையாது. குடிநீரிலிருந்து அரிசி வரை சுமந்து போக வேண்டும். குப்பையைச் சுமந்து திரும்ப வேண்டும். படகு வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அலை எழும்பினால் படகு வராது. காட்டு வழியாக நடந்துதான் வெளியேற வேண்டும். கைக்குழந்தைக்காரியையும் முழங்கால் வலியுள்ள அம்மாயியையும் அங்கே கூட்டிப் போக வேண்டாம் என்பதே என் யோசனை. மரம் சாய்ந்தோ மண் சரிந்தோ பாதைகளை அவ்வப்போது மூடுவார்கள். ஆகவே பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதியும் பெற்றுக்கொண்டு கிளம்புங்கள்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் பெருநிலப் பகுதியே மேல். "பினாங்கு போகிறோம் என்று சொல்லிவிட்டு பாலத்துக்கு இந்தப் பக்கமே படுப்பதா?" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நிபோங் திபால் அருகே புக்கிட் பஞ்சோர் மாநிலப் பூங்கா இருக்கிறது. சதுப்புக் காட்டின் மேல் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். வண்டி நிறுத்துகிற இடத்துக்கு அருகிலேயே எல்லாம் இருக்கும். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் சிறிது நேரத்தில் ஊருக்கு வந்துவிடலாம். புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில் செரோக் தொக்குன் வனப் பூங்கா இருக்கிறது. அதன் அருகிலேயே புனித அன்னாள் ஆலய வளாகத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு உண்டு. ஜேம்ஸ் லோ என்பவர் அதைப் பற்றி எழுதினார். தென்னிந்தியப் பல்லவ எழுத்து வகையைச் சேர்ந்தது என்பர். நம் முன்னோர் காலத்து எழுத்து இந்தப் பக்கம் எப்போது வந்தது என்று பிள்ளைகள் கண்ணால் காணட்டும். இவ்விரண்டு இடங்களிலும் கூடாரம் போட வன இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்து பட்டர்வொர்த் வந்தால் கப்பல் காத்திருக்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: 2021 முதல் அந்தக் கப்பலில் காரும் வேனும் ஏற்றுவதில்லை. ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே. வேனைப் பட்டர்வொர்த்தில் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே அக்கரை சேரலாம். பகல் முழுதும் ஊர் சுற்றி, பொழுது சாயுமுன் திரும்பிவிடலாம். பிள்ளைகளுக்குக் கப்பலும் ஆயிற்று, உங்களுக்கு நிம்மதியான தூக்கமும் ஆயிற்று.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குப் போகிறவர்களும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள். பெரிய நகரத்தின் நடுவே கூடாரத்துக்கு இடம் கிடைப்பது அரிது. நகரத்துக்கு வெளியே தங்கிக் கப்பலிலும் ரயிலிலும் உள்ளே போய் வருகிறார்கள். வளைகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் கூடாரம் போட இடமுண்டு. அங்கேயும் படகில் இறங்கி, மூட்டையைச் சுமந்து நடந்துதான் சேர வேண்டும்.

வண்டியில் படுப்பவர்களுக்கு

அந்நாட்டில் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டியில் ஊர் சுற்றுவார்கள். அவர்கள் தங்குமிடங்கள் பலவற்றில் வண்டி வண்டிக்குத் தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் இருக்கும். நம் நாட்டிலும் இப்போது அத்தகைய வண்டிகள் ஓடுகின்றன. நம்மவர்கள் சாதாரண வேனின் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டுக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. புகையில் கலந்த நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கரி அடுப்பையும் கேஸ் அடுப்பையும் வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ ஏற்றக் கூடாது. மழை பெய்தாலும் சரி, அன்று ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு போத்தல் வினிகர் எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்குக் கடலில் ஆபத்தான பெட்டி ஜெல்லி மீன் உண்டு. தீண்டினால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், மணலால் தேய்க்காதீர்கள். வினிகரை ஊற்றிவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மூச்சுத் திணறினால் உடனே 999.

ஓடையில் குளிக்கிறவர்கள் காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியே புகுந்து எலிக்காய்ச்சலைத் தரும். வீடு திரும்பி ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், "இன்ன இடத்தில் ஓடையில் குளித்தோம்" என்று டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை சிகிச்சையை மாற்றும். மிச்சச் சோற்றைக் கூடாரத்தருகே கொட்டினால் எலியும் வரும், குரங்கும் வரும். குரங்குக்குத் தின்னக் கொடுத்துப் பழக்காதீர்கள். இன்று நீங்கள் கொடுத்தது, நாளை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும்.

கெராச்சுட் போகிற இளைஞர்கள் இரவில் கரையில் விளக்கடிக்கவும் நெருப்பு மூட்டவும் வேண்டாம். முட்டையிடக் கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிவிடும்.

எப்போது போவது என்றும் கேட்பீர்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் ஒரே இரவில் பெய்த பேய்மழையில் மாநிலமே மிதந்து, ஏழு பேர் மாண்டார்கள். கிளம்பும் நாளன்று வானிலை இலாகாவின் அறிவிப்பைப் பாருங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பிள்ளைகள் அழுவார்கள், அழட்டும். முன்பணம் போனாலும் போகட்டும்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் படித்துவிட்டு, "நமக்கு என்ன தெரியும்" என்று தயங்காதீர்கள். மழைக்கு முந்திய காற்றின் வாசனையை வைத்து, இன்று பால்வெட்டு உண்டா இல்லையா என்று சொன்னவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். எந்த மேட்டில் கான் வெட்டாவிட்டால் எந்தப் படிக்கட்டு சரியும் என்பதைப் படிக்காமலே அறிந்தவர்கள். கூடாரம் போடும்போது செல்பேசியைப் பார்த்து இடம் பிடிக்கிற தம்பிமார், அந்தத் தாத்தாவை ஒரு நிமிடம் இறக்கிவிட்டு, "தாத்தா, ராத்திரி மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையை நீட்டுவார். அந்தப் பக்கம் படுக்காதீர்கள்.

விடுமுறையில் பினாங்கு போய் வந்தவர்கள், தங்கிய இடத்தின் நிலவரத்தை எனக்கு எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும். பயணம் சுகமாக அமையட்டும். அடுத்த இதழில் சந்திப்போம்.